கத்திரிக்காய் கேட்ட குரல்!

"கொஞ்சம் கத்திரிக்கா வைப்பா, கஞ்சத்தனம் பண்ணாதே!"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். இடம், ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடை. சீரகச் சம்பா கவளம் வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், தினம் சாயங்காலம் டி.வி.யில் தமிழ் பேசிக்கொண்டு வந்து, பறந்து பறந்து உலகத்தைக் காப்பாற்றிய பத்து வயசுப் பையனின் குரல் அது. அவனுக்காக டியூஷனைக் கட் அடித்து அப்பாவிடம் உதை வாங்கியிருக்கிறேன். அவன் இப்போது ஆம்பூரில் உட்கார்ந்து கத்திரிக்காய் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

திரும்பினால் பையன் இல்லை. ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடி, காட்டன் புடவை. பக்கத்தில் எண்பதை நெருங்கும் அவருடைய அம்மா.

கை கழுவிவிட்டு நேரே போய் நின்றேன். "மேடம், தப்பா நினைக்கக் கூடாது..." என்று இழுத்து, அந்தப் பையனின் பெயரைச் சொன்னேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு சாட்சாத் அந்தப் பையனாகவே, "கண்டுபிடிச்சிட்டியா!" என்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியை பக்கெட்டுக்குள் நழுவ விட்டுவிட்டார்.

எழுதுகிறவன் என்று தெரிந்ததும் முதலில் போட்ட கண்டிஷன், பெயர் வரக் கூடாது. "முப்பது வருஷம் முகம் தெரியாமயே பொழப்பை ஓட்டிட்டேன் தம்பி. இனிமே பேரு தெரிஞ்சு ஆகப்போறது என்ன?" என்றார். இரண்டாவது நிமிடமே மேடம், அக்கா ஆகிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அக்காதான்.

"பையனுக்குப் பையனையே பேச வெச்சா என்னக்கா?"

"அவனுக்கு மீசை முளைச்சதும் குரல் உடைஞ்சிடுமே! கார்ட்டூன் பையன் பத்து வருஷம் ஓடினாலும் பத்து வயசுலயேதான் இருப்பான். எங்களை மாதிரிப் பொம்பளைங்கதான் லாயக்கு."

நியாயம்தான். ஜப்பானில் டோரேமான் பூனைக்கு 1979 முதல் 2005 வரை பேசியவர் நொபுயோ ஒயாமா என்ற பெண்மணி. அமெரிக்காவில் பார்ட் சிம்ப்ஸன் என்கிற வால் பையனுக்குக் குரல் கொடுப்பதும் நான்ஸி கார்ட்ரைட் என்ற பெண்தான். நம் ஊரிலோ கதாநாயகிக்கே இரவல் குரல் என்பதால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அக்காவுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். 2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது அரவிந்த்சாமி, சித்தார்த் என்று நட்சத்திரங்கள் பேசினார்கள், விளம்பரமெல்லாம் அவர்கள் பெயர்தான். "நல்லாத்தான் பேசினாங்க, இல்லேங்கலை. ஆனா நாங்க சிங்கம், புலி, கரடி எல்லாம் பேசினப்போ ஒரு போஸ்டர்லயும் எங்க பேரைக் காணோமே" என்றார். பெயர் வேண்டாம் என்று ஐந்து நிமிஷம் முன்புதான் சொன்னார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அக்கா ஆம்பூர்க்காரர். அவருடைய அம்மா இங்கே ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் 'அப்பர்' தைத்தவர். ஷூவின் மேல்பாகத்துக்கு இங்கே அப்பர் என்று பெயர். காலையிலும் மாலையிலும் ஆம்பூர் ரோட்டில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்களில் வருவதும் போவதும் பெரும்பாலும் பெண்கள்தான். பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் படிப்பு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் முக்கால்வாசி வீட்டுக் கணக்கு அந்த பஸ்ஸில்தான் ஏறி இறங்குகிறது.

மறுநாள் காலை அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி.யில் செக்கப். முதல் நாளே போய் ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜில் தங்கப் போவதாகச் சொன்னார். என் மாமாவும் வேலூர் சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார். "ராத்திரி மொட்டை மாடில படம் போடறாங்க, வாங்கக்கா. என் மாமா பேரப் பசங்க உங்க காலை விடமாட்டாங்க" என்று அழைத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இங்கே என் குடும்ப வில்லங்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். (இங்கே டானரிக்கு ஷாப்பு என்றுதான் பேர். ஷாப்பிங் வருகிற ஷாப்பு அல்ல.) மாமா, அம்மாவின் தம்பி, பாலாற்றங்கரையில் தென்னையும் நெல்லுமாக இரண்டரை ஏக்கர் விவசாயி. தொண்ணூறுகளில் மாமாவின் கிணறு உப்புக் கரிக்க ஆரம்பித்தது. முதலில் நெல் போயிற்று, பிறகு தென்னங் குரும்பை கொட்டியது, கடைசியில் மாடு வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, "உம் புருஷன் எழுதற கணக்குல எங் கெணறு எங்க இருக்குதுன்னு கேட்டுச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி கூடக் குடித்ததில்லை. நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டு வேலூருக்குப் போய்விட்டார். அப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் பேசி இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

நான் பி.காம். ஃபீஸ் கட்டியது ஷாப்புச் சம்பளம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு சதுர அடி தோலுக்கு என்ன அடக்கம் என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். பச்சைத் தோல், உப்பு, சுண்ணாம்பு, குரோம், கூலி, கரண்டு எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. ஆறு என்று ஒரு தலைப்பு கிடையாது.

சின்ன வயசில் அப்பா ஒரு தடவை ஷாப்புக்குள் கூட்டிப்போனார். உப்புத் தடவி அடுக்கிய தோல்கள், முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்ற ஆட்கள், வீட்டு உயர மரப் பீப்பாய்கள் கடகடவென்று சுற்றுகிற சத்தம். பீப்பாய் நின்று கதவைத் திறந்தால் தோல் வெளிர் நீலமாக வந்து விழும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டார்களாம். எழுபதுகளில், வெறும் தோலாகவும் அரைப் பதமாகவும் ஏற்றுமதி பண்ணக் கூடாது, முழுசாகச் செய்து அனுப்பு என்று சர்க்கார் கெடுபிடி செய்ய, குரோம் பெருகியது. அந்நியச் செலாவணியும் பெருகியது. நாற்றத்தைப் பற்றி அப்பாவைக் கேட்டேன். "இது நாத்தமில்லைடா, சோறு" என்றார். 

நிற்க. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோ மீட்டர். மாதனூர், பள்ளிகொண்டா வழி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாலாறு அவ்வப்போது எட்டிப் பார்க்கும். ஆறு என்று போர்டு இருப்பதால் நம்பலாம், மற்றபடி மணலும் முள்ளும்தான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தாண்டி வருவதற்குள் அது களைத்துப்போகிறது. 2021 நவம்பரில் திடீரென்று இரு கரையும் முட்ட ஓடியபோது ஜனங்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்ப வந்துவிட்டார். ஆறு இன்னும் வரவில்லை.

மாமா வீட்டு மொட்டை மாடி. மாமாவின் எட்டு முழ வேட்டிதான் திரை. ஒரு சின்ன புரொஜெக்டர். மாமா பேரன் ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். அவன் தேர்ந்தெடுத்த படம், ஹயாவோ மியாஸாகி 1997-ல் எடுத்த 'பிரின்சஸ் மோனோனோகே'. பொம்மைப் படம்தானே என்று ஆயா, அத்தை, சின்னக் குழந்தைகள் என்று சகலரும் பாயோடு வந்துவிட்டார்கள். அக்காவும் அவருடைய அம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஜப்பானிய மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து. "என்னடா எழவு, ஒண்ணும் புரியல" என்றார் ஆயா. அவ்வளவுதான், அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்தபடியே தமிழில் பேச ஆரம்பித்தார். இளவரசன் அஷிடாகாவுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், ஓடி வரும் காட்டுப் பன்றிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். ஒரு ஆள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டிக்கெட் கிடையாது! என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு ஷோ பார்த்ததில்லை.

கதை இதுதான். காட்டுக்குக் காவலான பன்றி தெய்வம் ஒன்று உடம்புக்குள் இரும்புக் குண்டு பாய்ந்து, வலியிலும் வெறியிலும் பிசாசாகி ஊருக்குள் வருகிறது. கரும்புழு நெளிகிற அதைக் கொன்ற அஷிடாகாவின் கையில் சாபம் ஒட்டிக்கொள்கிறது. குண்டு எங்கிருந்து வந்தது என்று தேடி மேற்கே போகிறான். வழியில் அவன் விட்ட அம்பில் ஒரு சிப்பாயின் கைகள் துண்டாகிப் பறந்தன. "ஐயையோ! இதுவா கொழந்தைங்க படம்?" என்று அத்தை சின்னதுகளின் கண்ணைப் பொத்தினார். சின்னதுகள் விரல் இடுக்கில் பார்த்தன.

அதுவரை மாடிச் சுவரில் சாய்ந்து பேசாமல் இருந்த மாமா, பன்றி செத்து விழுந்ததும் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பன்னி நாந்தான்டா."

யாரும் சிரிக்கவில்லை.

அஷிடாகா போய்ச் சேருகிற இடம் இரும்பு உருக்கும் ஊர். காட்டை வெட்டி, மலையைத் தோண்டி, துப்பாக்கி செய்கிறார்கள். தலைவி பெயர் எபோஷி. அக்கா அவளுக்கு ஒரு குரல் தயாராக வைத்திருந்தார். மூக்கால் இழுத்து, கடைசி வார்த்தையை நசுக்கும் அசல் வில்லிக் குரல். இரண்டு வசனம் பேசினார். மூன்றாவதில் தடுமாறினார்.

காரணம், அந்த ஊரில் நாள் கணக்கில் இரவு பகலாகத் துருத்தியை மிதிக்கிற பெண்கள் எல்லாம், எபோஷி விடுதிகளிலிருந்து பணம் கட்டி மீட்டு வந்தவர்கள். வயிறாரச் சாப்பிடுகிறார்கள், ஆம்பளைகளைக் கேலி பண்ணுகிறார்கள், மிதித்துக்கொண்டே பாடுகிறார்கள். அக்காவின் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓவர்டைம்னா நாங்களும் இப்படித்தான். மிஷினு சத்தத்துக்கு மேல பாடுவோம்" என்றார்.

அடுத்து எபோஷியின் தோட்டம். அங்கே உடம்பு முழுக்கத் துணி சுற்றிய தொழுநோயாளிகள் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார்கள். அவளைக் கொன்றுவிடலாமா என்று அஷிடாகாவின் சபிக்கப்பட்ட கை துடிக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவர் கெஞ்சுகிறார். எங்களை மனுஷராக மதித்து, அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப் போட்டவள் இவள் ஒருத்திதான் என்று.

அக்கா அந்தக் கிழவரைப் பேசி முடித்தார். அடுத்து எபோஷியின் முறை. குரல் வரவில்லை. "வில்லிக் குரல் பொருந்தலை தம்பி" என்றார் என்னிடம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரலில் ஆரம்பித்தார். அதிகாரமும் அக்கறையும் கலந்த, கொஞ்சம் களைத்த, சுத்தமான ஆம்பூர்க் குரல்.

மியாஸாகியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே தமா ஸென்ஷோஎன் என்ற தொழுநோயாளர் இல்லம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் அந்தப் பாத்திரங்களை எழுதினார். ஜப்பானில் தொழுநோயாளிகளைத் தனியாக அடைத்து வைக்கும் சட்டம் ரத்தானதே 1996-ல்தான். வேலூர்க்காரனுக்கு இந்தக் காட்சி இன்னொரு விதத்திலும் உறைக்கும். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் (கொல்லிமலையில் பிறந்தவர்), தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்திக் காட்டினார். விரல்கள் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டு அழிகின்றன என்று சொன்னவர் அவர். காலையில் சிலர் விரல்களில் புதுக் காயம். எப்படி? ராத்திரி எலி வந்து கடிக்கிறது, தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை! ஆளுக்கொரு பூனை கொடுத்தார் டாக்டர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில், உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்துச் செருப்பு செய்து கொடுத்தார்கள். உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிற ஜில்லாவில், இப்படியும் ஒரு ஜோடி.

"தாத்தா, இதுல யாரு கெட்டவங்க?" என்று கேட்டது சின்னது.

மாமா பதில் சொல்லவில்லை. நான் மனசுக்குள் கோர்ட்டுக்குப் போனேன். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-ல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம், தோல் வட்டாரத்தில் பாதியாகவோ முழுசாகவோ பாழான விளைநிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். ஷாப்பு ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் ஆறு வந்து உட்கார்ந்தது அப்போதுதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, விதிகள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாறு மறுபடி அதே கோர்ட்டில் நின்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள் என்று மறுபடி உத்தரவு. 28 வருஷத்துக்கு மேல்! மியாஸாகி அதற்குள் எத்தனை படம் எடுத்துவிட்டார்.

படத்தின் கடைசிப் பகுதிதான் பயங்கரம். காட்டுத் தெய்வத்தின் தலையை எபோஷி துப்பாக்கியால் சுட்டு எடுத்துவிடுகிறாள். தலையில்லாத உடம்பிலிருந்து கரிய குழம்பு பெருகி மலைச்சரிவில் வழிகிறது. தொட்ட மரம் பட்டுப்போகிறது, தொட்ட மனிதன் சுருண்டு விழுகிறான். ஊர் சனம் ஏரித் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் பேச வசனமும் இல்லை.

எனக்கு ராணிப்பேட்டை ஞாபகம் வந்தது. 2015 ஜனவரி 31, விடியாத நேரம். சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேரை அந்தச் சேறு மூழ்கடித்தது. பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தப் பேப்பர் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

மாமா எழுந்து மாடிப்படி இறங்கிப் போனார். கீழே தண்ணீர் கேனைச் சாய்க்கிற சத்தமும், டம்ளரில் விழுகிற சத்தமும் கேட்டது. அவர் திரும்ப மேலே வரவில்லை.

முடிவில் தலை திரும்பக் கிடைக்கிறது. தெய்வம் விழுந்து, மலையெல்லாம் பச்சை பிடிக்கிறது. இரும்பூர் நாசம். எபோஷிக்கு ஒரு கை போய்விட்டது. நல்ல ஊராக மறுபடி கட்டுவோம் என்கிறாள். அஷிடாகா அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறான், அவன் நேசித்த காட்டுப் பெண் காட்டுக்கே போகிறாள். கல்யாணம் இல்லாத கார்ட்டூனைப் பார்த்து ஆயாவுக்கு ஏமாற்றம். என் பங்குக்கு ஒரே குறை, அந்தப் பச்சை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம். தரிசு மலைகள் சுற்றி நிற்கிற வேலூர் மொட்டை மாடியில் அது எடுபடவில்லை.

அக்காவை ஆட்டோ ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "எபோஷிக்குக் கடைசியா ஒரு குரல் பிடிச்சீங்களே, அது யாருது?"

"அம்மா கம்பெனில ஒரு சூப்பர்வைசரம்மா இருந்தாங்க. லேட்டா வந்தா கத்துவாங்க. நான் பொறந்தப்போ பிரசவச் செலவுக்குப் பணம் கொடுத்தவங்களும் அவங்கதான். அவங்களைத் திட்டாத நாள் கிடையாது எங்க வீட்ல. அவங்களுக்காக சாமி கும்பிடாத நாளும் கிடையாது" என்றார். ஆட்டோ கிளம்பும்போது பறக்கும் பையன் குரலில் "பை பை!" கேட்டது. டிரைவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பேரன் முழு ஷோவையும் செல்போனில் பதிவு செய்திருந்தான். (படத்தை அல்ல, அக்காவை. சைபர் கிரைம்காரர்கள் கவனிக்க.) மறுநாள் ஆம்பூர் திரும்பியதும் லேப்டாப்பில் படத்தை ஓடவிட்டு, போனில் அக்காவின் குரலைச் சேர்த்து ஓடவிட்டு அப்பாவுக்குக் காட்டினேன். இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடியது. அப்பாவுக்கு எழுபத்து மூன்று. கார்ட்டூனாவது மண்ணாவது என்று ஆரம்பித்தவர், எபோஷி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருடா இது, நம்ம ஊரு கம்பெனிப் பொம்பளை மாதிரி பேசுது?"

"மேல பாருங்கப்பா."

பார்த்தார். தொழுநோயாளிகள் காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை. கரிய குழம்பு மலையில் வழிய ஆரம்பித்ததும் "கொஞ்சம் நிறுத்து" என்றார். எழுந்து போய், கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். எங்கள் வீட்டிலும் ரொம்ப வருஷமாகக் கேன் தண்ணீர்தான்.

"உங்க மாமன் இதை முழுசாப் பாத்தானா?"

"இல்லப்பா. இதே எடத்துலதான் எழுந்து கீழ போயிட்டாரு."

"கீழ போயி?"

"தண்ணி குடிச்சாரு."

அப்பா குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, போடு. மிச்சத்தைப் பாப்போம்."